பச்சைத் திரையும் பழுப்புச் சுருட்டும்

சுருட்டைப் பற்ற வைத்துவிட்டு, மனைவி எப்போது திட்டுவாள் என்று காத்திருந்தார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

அவள் திட்டவில்லை. மூக்கைப் பொத்தவில்லை. ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. சாம்பல் கிண்ணத்தை அவர் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு நகர்த்தி வைத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள்.

"புகை ஜாஸ்தியா இருக்கா?"

"இல்லையே."

"உனக்குக் கண்ணு எரியுமே."

"எரிஞ்சா எரியட்டும். கண்ணைப் பார்க்கற ஆள்தான் வீட்டுலேயே இருக்கீங்களே."

அவருக்கு வயிற்றைப் புரட்டியது. சுருட்டு இன்னும் பாதிகூடக் கரையவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. அவருக்குச் சுருட்டு பிடிக்காது. முதல் இழுப்பிலிருந்தே பிடிக்காது. இது அவருக்கும் அவர் வயிற்றுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

எல்லாம் மைத்துனரால் வந்தது. மனைவியின் அண்ணன். கப்பலில் வேலை. போன விடுமுறைக்கு வந்தபோது மரப்பெட்டி நிறையச் சுருட்டு கொண்டுவந்து, கூடத்து மேசைமேல் வைத்தார்.

"மாப்ள, இது எல்லாருக்கும் பிடிபடாது. ரசனை இருக்கிற ஆளுக்குத்தான்."

இப்படிச் சொல்லி நீட்டப்பட்ட பெட்டியை உலகத்தில் எந்த ஆணும் திருப்பிக் கொடுத்ததில்லை. போதாததற்கு அன்று பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வேறு உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் நுனியைக் கத்தரித்துப் பற்ற வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். எரிகிற செருப்பை வாயில் வைத்ததுபோல இருந்தது. மூன்று பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தோல் வாசனை," என்றார், பொய் சொல்லாமல். மௌனம் நீடித்ததால் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். "அடியில லேசா மரம்."

பல் டாக்டரும் ஒன்றை வாங்கி இழுத்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்."

"நாக்கு பழகணும் டாக்டர்."

"இத்தனை வருஷமா நாக்கை ஓரமாத் தள்ளி வைக்கிறதுதான் சார் என் வேலையே. அதை விசாரிச்சதே இல்ல."

அன்றைக்கே விட்டிருந்தால் தப்பித்திருப்பார். மறுநாள் மாலை பல் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு நேராக இங்கே வந்தார். "இன்னிக்கு என்ன வாசனை சார்?" என்று ஆவலாகக் கேட்டார். கடைக்காரர் காப்பிக்கொட்டை என்றார். அதற்கு அடுத்த நாள் ஈரமண் என்றார். பிறகு ஒருநாள் எதுவும் தோன்றாமல், 'பழைய நூலகம்' என்றார். பல் டாக்டர் நெகிழ்ந்துபோனார். நோயாளிகள் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போது, மறுத்துப் பேச முடியாத அந்த நிலையில், அவர்களிடம் இதையெல்லாம் சொன்னார். அவர்களில் பலர் கண்ணாடி மாற்றவும் வருகிறவர்கள். கடையில் நுழைந்ததும், "நீங்க பெரிய ரசிகராமே" என்றார்கள்.

பிடித்த பழக்கத்தை விட்டால் ஊர் பாராட்டும். பெருமையடித்துக்கொண்ட பழக்கத்தை விடுவது எப்படி? யோசித்து யோசித்து ஒரே ஒரு வழிதான் அகப்பட்டது. 'வீட்டுல ஒத்துக்கலை.' இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் எவரும் எவரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எத்தனையோ ஆண்களின் மானம் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே மனைவி தடை போட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். மொட்டை மாடியில் பிடித்தார், தடை வரவில்லை. பால்கனிக்கு இறங்கினார், வரவில்லை. இப்போது கூடத்துக்கே வந்துவிட்டார். பொத்தான் தைக்கிறாள்.

"ஏம்மா, நீ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறியே."

"சொல்ல என்ன இருக்கு? ரசனைங்கறது அவங்கவங்க சொந்த விஷயம். நடுவுல நான் யாரு?"

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். அது அவருடைய சொந்த வாக்கியம். கடையில் ஒவ்வொருவரும் புதுக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்று, "நல்லா இருக்கா?" என்று கேட்பார்கள். அவர் இதைத்தான் சொல்வார். வீட்டில் யாராவது பார்த்துச் சிரித்தால் பழி தன்மேல் விழக்கூடாது அல்லவா. ஆனால் அந்த வாக்கியத்தை அவர் ஒருநாளும் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வீட்டில் ரசனை என்றால் அது அவர்தான். சுவர் சாம்பல் நிறம். சோபா சாம்பல் நிறம். ஜன்னல் திரை அதைவிடக் கொஞ்சம் சோகமான சாம்பல் நிறம்.

மைத்துனர் சுருட்டு கொண்டுவந்ததற்கு முந்திய விடுமுறையில் ஏதோ துறைமுகத்திலிருந்து தங்கைக்குத் திரைத்துணி வாங்கி வந்திருந்தார். கிளிப்பச்சையில் தட்டு அகல ஆரஞ்சுப் பூக்கள் ஒன்றில். மஞ்சளில் கத்திரிக்காய் நிறக் கட்டங்கள் இன்னொன்றில். அவள் ஆசையாக விரித்துக் காட்டினாள். "இதை மாட்டினா தெருவுல போறவனுக்கெல்லாம் கண்ணு பவர் ஏறிடும்," என்றார் அவர். பல் டாக்டரும் சேர்ந்து சிரித்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் மடித்து அலமாரிமேல் வைத்தாள்.

அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்த சந்தர்ப்பங்களை அவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் அவர் சுருட்டுச் சாம்பலைச் சோபாவிலேயே உதிர்த்தார். தவறுதலாகப் போல.

"அடடா, சோபா பாழாயிடுச்சு," என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். "எங்க விழுந்துச்சு? சோபா கலரும் அதேதானே. தெரியவே இல்ல."

அடுத்ததாகப் படுக்கையறையில், திறந்த துணி அலமாரிக்கு முன்னால் நின்று பிடித்தார். "துணியெல்லாம் வாசம் வருமேம்மா."

"தோல் வாசனை, அடியில மரம்னு சொன்னீங்க. அலமாரியும் மரம்தானே. பொருத்தமா இருக்கும்."

பல் டாக்டரைத் தனியாக ஓரங்கட்டி, "பல்லுல கறை ஏறுதோ டாக்டர்? அவ இருக்கும்போது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன், பாவம், பயப்படறா," என்று குறிப்புக் காட்டினார். பல் டாக்டரும் அன்று மாலை கடமையாகச் சொன்னார். "மேடம், சாரோட பல்லு கொஞ்சம் பழுப்பா ஆகுது. வாய்க்கு இது நல்லதில்ல."

அவள் கணவனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "தேன் கலர் டாக்டர். எனக்குப் பிடிச்சிருக்கு."

"அப்ப சரி," என்றார் பல் டாக்டர். "இன்னிக்கு என்ன வாசனை சார்?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது. பல் டாக்டர் அதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

பெட்டியில் சுருட்டு குறைந்துகொண்டே வந்தது. அது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல். அந்த ஆறுதலும் ஞாயிற்றுக்கிழமை காலை போய்விட்டது. மனைவி அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணா, நல்லா ரசிக்கிறார். அந்தப் பெட்டி முடியப் போகுது. சொல்லி வெச்சேனே, அந்தப் பெரிய பெட்டி, அதை அனுப்பிடு."

பெரிய பெட்டி. அவர் சமையலறை வாசலில் போய் உட்கார்ந்தார். அவள் டீ கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, நீ வேண்டாம்னு சொல்லிடு. நான் விட்டுடறேன்."

"நான் ஏங்க சொல்லணும்?"

"ஒரே ஒரு தடவை. டாக்டர் இருக்கும்போது. கொஞ்சம் சத்தமா."

"ஏன், பிடிக்கலையா?"

வாழ்க்கையில் சில கேள்விகளுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. "பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். உனக்காகத்தான் பார்க்கறேன்."

"எனக்காகவெல்லாம் வேண்டாம். பிடிச்சதை விடக்கூடாது." டீயை வடிகட்டினாள். "அதுவும் இல்லாம, திடீர்னு நான் சத்தம் போட்டா டாக்டர் நம்புவாரா? இத்தனை நாள் சாம்பல் கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்தவ நானு."

அது நியாயம். அவருக்கே அது நியாயமாகப் பட்டது.

"ஒரு காரணம் வேணும்," என்றாள் அவள். யோசிப்பதுபோல ஒரு வாய் டீ குடித்தாள். "கூடத்துல ஏதாவது புதுசா இருந்தா சொல்லலாம். புதுத் திரைன்னு வைங்க. புகை பிடிச்சுக் கெட்டுப்போகுதுன்னு எந்தப் பொம்பளையும் கத்துவா. அந்தப் பழைய சாம்பல் துணிக்கு யாருங்க கத்துவா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் டீயின் ஆவி மட்டுமே இருந்தது.

"அந்தப் பச்சையா?"

"வேற இருந்தாச் சொல்லுங்க."

வேறு இல்லை. அலமாரிமேல் இருந்த இரண்டு துணியும் இறங்கின. அவரை ஜன்னலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தாள். பச்சையைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு மஞ்சளை. கடையில் கண் பரிசோதிக்கும்போது அவர் பேசுகிற அதே நிதானக் குரலில் கேட்டாள்.

"முதல்ல இது. இப்ப இது. எது நல்லா இருக்கு, முதலாவதா, ரெண்டாவதா? அவசரம் இல்ல. இன்னொரு தடவை காட்டவா?"

அவருக்குக் கண்ணுக்குள் பூக்களும் கட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. களைத்துப்போன நோயாளிகள் எல்லாரும் கடைசியில் சொல்வதையே அவரும் சொன்னார்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப ரெண்டையும் மாட்டிடலாம்," என்றாள். தெருப்பக்க ஜன்னலுக்குப் பச்சை, பால்கனிப் பக்கம் மஞ்சள்.

மாலை பல் டாக்டர் வந்தார். கடைக்காரர் கடைசிச் சுருட்டைப் பற்ற வைத்தார். அவள் சமையலறையிலிருந்து வந்த வேகத்தில் இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"என்னங்க, கொஞ்சமாவது அறிவு இருக்கா? புதுத் திரை. இன்னிக்குத்தான் மாட்டினேன். இனிமே இந்த வீட்டுல சுருட்டு கிடையாது. கூடத்துலயும் கிடையாது, மாடியிலயும் கிடையாது. அணைங்க."

ஒத்திகையே இல்லாமல் இவ்வளவு நன்றாகச் செய்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அணைத்தார். மகுடத்தைக் கழற்றி வைக்கிற அரசனைப்போலப் பெருமூச்சு விட்டார். "என்ன டாக்டர் பண்றது. வீட்டுல ஒத்துக்கலை."

பல் டாக்டர் தலையாட்டினார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. திட்டம் பலித்துவிட்டது. அன்று இரவு கடைக்காரர் வயிறு நிறையச் சாப்பிட்டார், பச்சைத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து. பெரிய பெட்டி வந்தாலும் இனிக் கவலை இல்லை. கொடை வள்ளலாகவே ஆகிவிடலாம்.

பெட்டி அடுத்த வாரம் வந்தது. உண்மையாகவே பெரியது. இரண்டு பேர் தூக்கி வந்து கூடத்தில் இறக்கினார்கள். பல் டாக்டரும் இருந்தார், அது இன்னும் வசதி.

"டாக்டர், இது முழுக்க உங்களுக்கு," என்றார் கடைக்காரர். "எனக்குக் கொடுத்து வைக்கல. நீங்களாவது நாக்கைப் பழக்குங்க."

"சார், இவ்வளவு பெரிய மனசா உங்களுக்கு," என்று பல் டாக்டர் கண் கலங்கினார்.

கடைக்காரர் பெருமிதத்தோடு பட்டையை அறுத்து மூடியைத் திறந்தார். சுருட்டு வாசனை வரவில்லை. புதுத்துணி வாசனை வந்தது. மேலே இருந்ததை எடுத்து உதறினார். கிளிப்பச்சை. தட்டு அகல ஆரஞ்சுப் பூக்கள். சோபா உறை. அதன் கீழே திண்டு உறைகள், மேசை விரிப்பு, நாற்காலிகளுக்குத் தனித்தனியாக. முதல் உறையைச் சோபாவில் போட்டுப் பார்த்தார். மூலைக்கு மூலை, சுருக்கம் விழாமல், அந்தச் சோபாவுக்கென்றே பிறந்ததுபோல உட்கார்ந்தது.

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திண்டு உறையைத் தடவிப் பார்த்தார். "இது எனக்கு எதுக்கு சார்?"

கடைக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு கச்சிதமா... உங்க அண்ணனுக்கு அளவு எப்பக் குடுத்தே?"

"சுருட்டு வாங்கிட்டு வரச் சொன்னேன்ல," என்றாள் அவள், இன்னொரு உறையை உதறிக்கொண்டே, "அப்பவே."