வித்தியாசத்தைக் குறைப்பவர்

ஜெயிக்கப் பிறந்தவர்கள் உண்டு, தோற்கப் பிறந்தவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. இடைத்தேர்தல் காலத்தில்தான் அது முழுசாக வெளியே தெரியும். தோற்பதற்கென்றே வருவார், தோற்றுவிட்டுப் போவார், போகும்போது வந்ததைவிடப் பெரிய காரில் போவார். கட்சியில் இவருக்குத் தேர்தல் பொறுப்பாளர் என்று பெயர். பொறுப்பு என்ற சொல்லை ரொம்பத் தோண்டிப் பார்க்காதீர்கள்.

இவரை எந்தத் தொகுதிக்கு அனுப்புவார்கள் என்கிறீர்கள்? எங்கள் தொகுதி மாதிரித் தொகுதிக்குத்தான். இங்கே எதிரணி ஒரு மரக்கட்டையை நிறுத்தினாலும் ஜெயிக்கும். பல வருஷமாக அப்படித்தான் ஜெயித்துக்கொண்டும் இருந்தது. ஜெயித்திருந்த உறுப்பினர் கண்ணை மூடினார், இடம் காலியானது. அவ்வளவுதான், பொறுப்பாளர் வந்து இறங்கிவிட்டார். லாட்ஜில் ஒரு மாடி முழுக்க எடுத்தார், ஊரில் இருந்த வாடகைக் கார்களையெல்லாம் வளைத்துப்போட்டார், சுவர் தெரிந்த இடமெல்லாம் போஸ்டர் ஒட்டினார், நின்றுகொண்டிருந்த என்மேல் ஒட்டாமல் விட்டதே பெரிய விஷயம்.

இவருக்கு மேடைக்கு ஒரு நாக்கு, லாட்ஜுக்கு ஒரு நாக்கு. மேடையில், "வெற்றி நம் வாசலில் நிற்கிறது!" லாட்ஜில், கதவைச் சாத்திக்கொண்டு, "போன தடவை முப்பதாயிரத்துல தோத்தோம். இந்தத் தடவை பதினஞ்சாயிரத்துல தோக்கணும். யாரும் அசந்துடக் கூடாது!" தோற்பதற்கு இப்படி வியர்வை சிந்துகிற ஆட்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வேட்பாளர் யார் என்று சொல்லவில்லையே. என் அக்கா புருஷன்தான். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். "கிளட்ச்சை மிதி! கிளட்ச்சை மிதி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவதால் ஊரில் அவருக்குக் கிளட்ச் மாஸ்டர் என்று பெயர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் வண்டி ஓட்டக் கற்றார்கள். ஸ்கூலில் அவரே வைக்கிற டெஸ்ட்டில் கம்பத்தை லேசாக உரசியவன், "மாஸ்டர், சும்மா பட்டும் படாமலும்தானே" என்று இழுத்தால் போதும், மாமாவுக்கு முகம் சிவந்துவிடும். "உரசினாலும் இடிச்சாலும் ஃபெயில் ஃபெயில்தான்டா. நாளைக்கு கம்பத்துக்குப் பதிலா ஆள் நிப்பான்!" என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் ஏன் இதில் போய் மாட்டினார்? பெரிய ரோட்டு முக்கில் ஒரு சிக்னல் வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. பழகுகிறவர்கள் அந்த முக்கில்தான் பயந்து வண்டியை நிறுத்திவிடுவார்கள், அந்த நேரம் பார்த்து லாரி வரும். மாமா ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. பொறுப்பாளர் மோப்பம் பிடித்துவிட்டார். "மாஸ்டர், நீங்க ஜெயிச்ச அன்னைக்கே சிக்னல்" என்றார். மாமா அன்றே ஸ்கூலை அக்கா தலையில் கட்டிவிட்டு ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிட்டார்.

அக்கா விவரமானவள். பெண்களுக்கு அவள்தான் வண்டி கற்றுக்கொடுக்கிறாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற பிரேக்கின் மேலேயே கவனமாக இருக்கிறவள். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு நேராக லாட்ஜுக்குப் போனாள்.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. இவர் ஜெயிப்பாரா?"

"ஜெயிக்கிறதுன்னா என்னம்மா?" என்றார் பொறுப்பாளர், ஞானி மாதிரி.

"எனக்குத் தெரிஞ்சு, எதிராளியைவிட ஒரு ஓட்டாவது கூட வாங்குறது."

"அது பழைய கணக்கும்மா."

"அப்ப எதுக்கு இப்படிப் பணத்தைத் தண்ணியா விடுறீங்க?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாம ஒண்ணு செலவு பண்ணா அவங்க ரெண்டு பண்ணணும். அவங்க பெரிய தலைங்க எல்லாம் இங்கயே வந்து வெயில்ல காயணும், அந்த நேரத்துல நம்மாளுங்க வேற ஊர்ல வேலையைப் பாப்பாங்க. நம்ம பசங்க துருப்பிடிச்சுக் கிடக்கானுங்க, ஒரு தேர்தல் வந்தாத்தான் கை கால் அசையும். நன்கொடை தர்ற பெரிய மனுஷங்க டிவியில நம்ம கொடியைப் பாக்கணும், இல்லன்னா அடுத்த தடவை போனையே எடுக்க மாட்டாங்க. சும்மா விட்டோம்னு வைங்க, பயந்துட்டாங்கம்பான்."

"இத்தனை காரணத்துல எங்க வீட்டுக்காரர் எங்கங்க வர்றார்?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? அவர்தாம்மா வேட்பாளர்!"

அக்கா, "இதையெல்லாம் அவர்கிட்டயே சொல்லிடுங்க. பாவம், நிஜம்னு நம்பிட்டிருக்கார்" என்றாள்.

"சொன்னா மனசு ஒடிஞ்சுடும்மா. ஒடிஞ்ச மனசோட ஓட்டுக் கேட்டா ஓட்டு வித்தியாசம் கூடிடும்."

சரி, நான் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன். மாமா கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார். "மச்சான், முக்குல ஒரு பொம்பளை என்னைப் பாத்து, சிக்னல் வருமா மாஸ்டர்னு கேட்டாங்கடா. கட்டாயம் வரும்னு சொல்லிட்டேன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வது? வந்த வழியே திரும்பிவிட்டேன்.

இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத வில்லங்கம் நடந்தது. மாமா ஜெயிக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வீடு அவரிடம் திட்டு வாங்கியவன் ஒருத்தன் இருந்தான். "எங்களைத் திட்டுனீங்கள்ல, போய் அந்த அதிகாரிங்களையும் திட்டுங்க மாஸ்டர்!" என்று உரிமையோடு ஓட்டுத் தருவதாகச் சொன்னார்கள். கணக்கெடுக்கப் போன பையன்கள் திரும்பி வந்து, "அண்ணே, சரிக்குச் சரியா இருக்கு" என்றார்கள். பொறுப்பாளருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"டேய், ஜெயிச்சுட்டா என்னடா பண்றது?"

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. ஜெயித்தால் பேசுவதற்கு அவரிடம் பேச்சு இல்லை, போஸ்டர் இல்லை, பழக்கமும் இல்லை. தோற்றால் ஒட்ட வேண்டிய நன்றிப் போஸ்டர் மட்டும் கட்டுக் கட்டாக லாட்ஜ் மாடிப்படியில் இருந்தது. பிரச்சாரப் போஸ்டரோடு சேர்த்தே அடித்துவிட்டால் மலிவு என்று, வந்த முதல் நாளே அடித்து வைத்துவிட்டார்.

அந்தக் குழப்பத்தில்தான், ஒட்டுகிற பையன்கள் வந்து, இனி என்ன வேலை என்று கேட்டபோது, "மிச்சம் இருக்கிற போஸ்டர் கட்டு எல்லாத்தையும் ஒட்டிட்டுப் போய்த் தூங்குங்கடா" என்றார். ஒட்டிவிட்டார்கள்.

வாக்குப்பதிவு நாள் காலையில் ஊர் கண்விழித்தால், தெருவெல்லாம் மாமா சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில்: "வாக்களித்த நல்லுள்ளங்களுக்கு நன்றி! வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டினோம்! இது தோல்வி அல்ல, வெற்றியின் முதல் படி!"

ஓட்டுப் போடக் கிளம்பிய தையற்காரர் சுவரைப் பார்த்து நின்றார். "என்னடா இது, தோத்தாச்சாமே?"

"நன்றி வேற சொல்லியிருக்காங்கண்ணே. நாம இன்னும் போடவே இல்லயே?"

"நாம போடாமலே இவ்வளவு குறைஞ்சிருக்கே. வா, வீட்டுக்குப் போவோம்."

அதிகாரிகளும் வந்து பார்த்தார்கள். ஓட்டுக் கேட்டால்தானே குற்றம்? நன்றி சொல்வதைத் தடுக்க எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. மாமா ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு தன் முகத்தைத் தானே கிழித்துக்கொண்டு தெருத் தெருவாக ஓடினார். எத்தனை சுவரைத்தான் ஒரு ஆள் கழுவ முடியும்?

முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றார். பொறுப்பாளர் லாட்ஜ் மேஜைமேல் ஏறிவிட்டார். "முப்பதாயிரம் எங்கே, முந்நூறு எங்கே! போஸ்டர்ல போட்டதைச் செஞ்சு காட்டுன ஒரே கட்சி நாமதான்!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தலைமை அவரைத் துணைச் செயலாளர் ஆக்கியது. மாமா மூலையில் நின்றுகொண்டிருந்தார், விரல் இடுக்கில் பசை இன்னும் போகவில்லை. அக்கா வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அவள்தான் ஓட்டினாள். முக்கில் லாரிகள் போய் முடிகிறவரை வெகுநேரம் காத்திருந்தோம்.

போகட்டும், மனிதர் பிழைத்தார், பழையபடி ஸ்கூலுக்கு வந்துவிட்டார் என்று நானும் அக்காவும் நிம்மதியாக இருந்தோம். அடுத்த வாரம் டெஸ்ட். பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு அம்மா ரிவர்ஸ் எடுத்து ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டார். திட்டு விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். மாமா சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி வைத்தார். நின்று பார்த்தார். பிறகு சிரித்தார், கண்ணாடி முன்னால் பழகிய அதே சிரிப்பு.

"போன தடவை ரெண்டு கம்பம் சாய்ச்சீங்க. இந்தத் தடவை ஒண்ணுதான். வித்தியாசம் பாதியாக் குறைஞ்சிருக்கும்மா! இது தோல்வியே இல்ல!"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "போச்சுடா. இவரையும் தொத்திக்கிச்சு."

ஆகவே ஜாக்கிரதை. இது கட்சிக்காரர்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று நினைத்துச் சிரிக்காதீர்கள். வீட்டில் நடந்த சண்டையில் தோற்றுவிட்டு, "போன தடவை மாதிரி இல்ல, இந்தத் தடவை பாதி நேரம் நானும் பேசினேன்" என்று நண்பரிடம் சொன்னவர் யார்? எடை மிஷினில் ஏறி இறங்கி, "ஏறுனது ஏறுச்சு, போன மாசம் ஏறுன அளவுக்கு இல்ல" என்று சமாதானம் ஆனவர் யார்? உங்கள் வீட்டு மாடிப்படியில் எந்தப் போஸ்டர் கட்டு காத்திருக்கிறது என்று ஒருதரம் எட்டிப் பாருங்கள்.

என்னைக் கேட்கிறீர்களா? சேச்சே, எனக்கு அந்த வியாதி கிடையாது. போன தடவை நான் எழுதியதை ஒருத்தர்கூட முழுசாகப் படிக்கவில்லை. இந்தத் தடவை நீங்கள் ஒருத்தராவது கடைசிவரை வந்துவிட்டீர்கள், பார்த்தீர்களா?