பன்னிரண்டு சிவப்பும் ஒரு தேங்காயும்

நான் என் மனைவிக்கு எழுதிய மன்னிப்புக் கடிதத்தைப் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு பெண்கள் திருத்திக் கொடுத்தார்கள், நான் கேட்காமலேயே. பள்ளிக்கூடத்தில் என் கட்டுரையைத் திருத்திய வாத்தியார்கூட அவ்வளவு சிவப்பைச் செலவழித்ததில்லை.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். லுணுகலையில் மைத்துனனுக்கு நிச்சயதார்த்தம். யோகம் (என் மனைவி, கோபத்தில் இருந்தால் முழுசாக யோகேஸ்வரி) தன் கையாலேயே கேசரி கிண்டியிருந்தாள். எந்த மகாபாவியோ என்னிடம் மைக்கைக் கொடுத்தான். "இந்தக் கேசரி ரெண்டு வாளி இருந்தா பசறை ரோட்டுக் குழியெல்லாம் அடைச்சிடலாம்" என்றேன். மண்டபமே சிரித்தது. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

அன்று பதுளையிலுள்ள எங்கள் வீட்டுக்குத் தனியாகத்தான் பஸ் ஏறினேன். யோகம் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டாள். மூன்று வாரம் கழித்துத்தான் போனை எடுத்தாள்.

"நீங்க பேசாதீங்க. பேசினா மறுபடியும் பகிடிதான் வரும். சொல்றத எழுதிக் குடுங்க. படிச்சிப் பாத்துட்டு, வர்றதா வேணாமான்னு முடிவு பண்றேன்."

ஆகவே எழுதினேன், அலுவலகக் கம்ப்யூட்டரில். (வீட்டில் எழுதலாம்தான். ஆனால் வீட்டில் நான் பசியோடு இருந்தேன்.)

எங்கள் அலுவலகம் பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் சின்ன ஆராய்ச்சி நிலையம். தலைவி நளாயினி மிஸ், யாழ்ப்பாணத்துக்காரர், அதட்டாமலே நடுங்க வைப்பவர். அப்போது வந்திருந்த வேலை இதுதான்: கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்துக்குத் தோட்ட நிர்வாகம் புதிய விதிகள் எழுதியிருந்தது. அந்த அறிவித்தல் தாய்மாருக்குப் புரிகிறதா என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.

அதற்கு ஒன்லைன் கருத்துக்கணிப்புத் தளத்தில் அருமையான ஒரு கேள்வி வகை இருக்கிறது. பந்தியை ஒட்டி, அதைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டால், படிப்பவர் விரலால் தொட்டு ஒவ்வொரு துண்டுக்கும் நிறம் பூசலாம். பச்சை என்றால் 'சரி', மஞ்சள் 'புரியவில்லை', சிவப்பு 'ஒத்துக்கொள்ள முடியாது'.

பழகிப் பார்க்க ஒரு பந்தி தேவைப்பட்டது. பக்கத்திலேயே என் கடிதம் திறந்திருந்தது. ஒட்டினேன். தளம் அதைச் சொல் சொல்லாக வெட்டிப் போட்டது. பாதி நாள் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்தேன். பிறகு என் கடிதத்துக்கு நானே மார்க் போட்டேன். எல்லாம் பச்சை! கண் கலங்கியது.

அந்தப் பூரிப்பில் இன்னும் இரண்டு கெட்டிக்காரத்தனம் செய்தேன். எல்லாத் துண்டுக்கும் நிறம் பூசாமல் வெளியே வர முடியாதபடி ஒரு பூட்டு. மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் கேள்வியை முன்கூட்டியே பன்னிரண்டு தொடுதிரை டெப்பிலும் இறக்கி வைத்தேன். கடிதத்தை எடுத்துவிட்டு அறிவித்தலை ஒட்டும் அந்தச் சின்ன வேலையை மட்டும் செய்யவில்லை.

பூனாகலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்கள் பிள்ளை மடுவத்தில் கூடினார்கள். ஆளுக்கொரு டெப் கொடுத்து, "அவங்கவங்க தனியா படிச்சு, மனசுல பட்டத தொடுங்கம்மா" என்று பெரிய விஞ்ஞானி மாதிரி சொல்லிவிட்டு வெளியே வந்து பிளேன்டீ குடித்தேன். ஆனால் தோட்டத்தில் கடுதாசி வந்தால் யாரும் தனியாகப் படிப்பதில்லை. ஒருவர் சத்தமாக வாசிப்பார். எல்லாரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். வாசிக்கும் பொறுப்பைப் பாக்கியம் என்ற அக்கா எடுத்துக்கொண்டார்.

உள்ளே ஒரு சிரிப்பு வெடித்தது. பிள்ளை மடுவ விதியைப் படித்து யாரும் சிரித்ததாகச் சரித்திரம் இல்லை. எட்டிப் பார்த்தேன்.

"'அன்புள்ள யோகம், நான் பேசியது தவறுதான்'" என்று கணீரென்று வாசித்தார் பாக்கியம் அக்கா. "என்னாங்கடி, சரிதானே?"

"பச்சை, பச்சை!" பன்னிரண்டு விரல்கள் இறங்கின.

"'ஆனாலும் உன் தம்பி அப்படி விழுந்து விழுந்து சிரித்திருக்கத் தேவையில்லை.'"

"இந்தா பாரு, பழிய தம்பி மேல போடுறான் மனுசன்! செவப்பு!"

பிளேன்டீ என் சட்டைக்குள் போனது. ஓடிப் போய், "அம்மா, குடுங்க குடுங்க, மெசின்ல கோளாறு" என்று ஒரு டெப்பைப் பிடித்து இழுத்தேன்.

"இருங்க சார், இப்பதான் நல்ல எடத்துக்கு வந்திருக்கு" என்று பறித்துக்கொண்டார் அக்கா. பக்கத்துப் பெண்ணின் கையிலிருந்த இன்னொன்றை மூடப் பார்த்தேன். முடியவில்லை. பூட்டியது எந்த மேதை?

"யாரு சார் இந்த யோகம்?"

"அது... சும்மா கற்பனை."

"கற்பனைப் பொம்பளைக்குத் தம்பி எல்லாம் இருக்கானா?"

"'நகைச்சுவையே இல்லறத்தின் அச்சாணி'" என்ற என் பொன்மொழிக்குப் பன்னிரண்டு மஞ்சள் விழுந்தது. "'நீ இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை'" என்பதற்கு ஒரு நிமிடம் விவாதம். "ஆக்கிப் போட ஆளில்லன்னு சொல்றாரு, அவ்ளோதான்" என்று தீர்ப்பாகி, அதுவும் சிவப்பு.

கடைசித் துண்டு: "'வந்துவிடு. இனித் தேங்காய் நான் துருவுகிறேன்.'"

"இது ஒண்ணுதான் ஆம்பள பேச்சு" என்றார் பாக்கியம் அக்கா. பன்னிரண்டு பச்சை. அப்புறம் தன் போனை எடுத்து, நிறம் பூசிய கடிதத்தை அக்கா படம் பிடித்தார். ஏன் என்று கேட்கும் நிலைமையில் நான் இல்லை.

திரும்பும் வழியில் பண்டாரவளையில் சிக்னல் வந்ததும் டெப்கள் எல்லாம் தாமாகவே பதில்களை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டன. மறுநாள் காலை நளாயினி மிஸ் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று என் மேசை லாச்சியை முன்கூட்டியே காலி செய்துவிட்டுத்தான் போனேன்.

"என்ன ஐசே இது? உம்மட வீட்டுப் பிரச்சினையை ஆராய்ச்சிக்கு விட்டிருக்கிறீர்?"

"மிஸ், அது வந்து..."

"பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரிப் பதில் சொல்லியிருக்கினம். இவ்வளவு தெளிவான பதில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை." சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குச் சரியான அறிவித்தலோட திரும்பப் போம். இண்டைக்கு லீவு. சிவப்பையும் மஞ்சளையும் வெட்டிப்போட்டு மிச்சத்தை மனுசியிட்டக் கொண்டுபோய்க் குடும்."

வெட்டினேன். மிஞ்சியது மூன்று வரி: அன்புள்ள யோகம், நான் பேசியது தவறுதான். வந்துவிடு. இனித் தேங்காய் நான் துருவுகிறேன்.

லுணுகலையில் யோகம் அதை வாங்கிப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தன் போனை எடுத்து நீட்டினாள். அதில் என் முழுக் கடிதம், மாரியம்மன் திருவிழாத் தோரணம் போல மூன்று நிறத்தில்! பாக்கியம் அக்கா அவளுடைய சின்னம்மா மகளுக்கு நாத்தனாராம். பஸ்ஸில் நான் லுணுகலைக்கு வந்து சேருமுன்னே, படம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"பன்னெண்டு பேரு சேந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்குமா? நான் ஒருத்தியா பதினெட்டு வருசமா சொல்றேன்."

"ஆனாலும் யோகம்..."

"செவப்பு!" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். இத்தனை நாளுக்குப் பிறகு கேட்ட அந்தச் சிரிப்பில் எனக்குக் கால் தரையில் படவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க எனக்கு முன்னால் நடந்தவள் அவள்தான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் சாக்குச் சொல்ல வாயைத் திறந்தால், அடுப்படியிலிருந்து திரும்பாமலே "செவப்பு" என்று குரல் வரும். பூனாகலைப் பக்கம் போனால் எனக்குப் பெயர் தேங்காய் சார். கலியாண வீடுகளில் மைக்கை என்னிடம் கொடுப்பதில்லை, துருவுபலகையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதை எழுதி முடித்ததும் முறைப்படி யோகத்திடம் காட்டினேன். எல்லாம் பச்சை, கேசரி வரி மட்டும் சிவப்பு. எடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறேன். ஆனாலும்...