ஒரு சொட்டுகூட இல்லை, சம்பந்தி

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் மகளும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சம்பந்தியம்மாவின் முழங்காலுக்கு நான் சொன்ன தைலம் கேட்டதா? கேட்கவில்லை என்றால் தைலத்தின் மேல் குற்றமில்லை, தேய்த்துவிடும் ஆளுக்கு அக்கறை போதவில்லை என்று அர்த்தம். அந்த ஆள் தாங்கள்தான் என்று கேள்வி.

நிற்க. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் போனில், "கல்யாணத்த ஒரு ஆறு மாசம் தள்ளி வச்சுக்கலாம் சம்பந்தி, உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது" என்றீர்கள். நான் "சரிங்க" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அது என்ன நிலைமை என்று யோசிக்க ஆரம்பித்தேன். மூன்று நாள் யோசித்தேன். நேற்றுக் காலை ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது சட்டென்று விளங்கி, கன்னத்தில் வெட்டிக்கொண்டேன். நான் குடிக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். போதாததற்கு எனக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றும் நினைக்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அதனால் கோபம் துளியும் இல்லை. ஆனால் என் அசட்டுத்தனத்தால் என் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடக் கூடாது. அதற்காகவே இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சித்தி விஷயத்தை முடித்துவிடுகிறேன். என் மனைவி போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு ஐந்து வயது. அடுத்த வருடம் ஒரு பழைய காரை வாங்கினேன். ஞாயிறு வந்தால் அதைக் குளிப்பாட்டுவதும் துடைப்பதுமாக இருப்பேன். அதைப் பார்த்துவிட்டு இந்தப் பெண் காருக்குச் 'சித்தி' என்று பேர் வைத்தாள். எனக்குச் சுருக்கென்றும் இருந்தது, சிரிப்பும் வந்தது. பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சித்திக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது, எனக்கு அறுபத்திரண்டு. "சித்திக்கு மூச்சு வாங்குது", "சித்தி இன்னிக்கு வெளிய வர மாட்டாளாம்" என்பதெல்லாம் எங்கள் வீட்டில் சாதாரணப் பேச்சு. எனக்கு இருக்கும் இன்னொரு குடும்பம் இதுதான், நான்கு சக்கரமும் ஒரு ஸ்டெப்னியும்.

கல்யாணத்தன்று மகளை மண்டபத்துக்குச் சித்தியில்தான் அழைத்துப் போவேன் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சொன்ன வாய் மூடுவதற்குள் சித்திக்கு ஜுரம் வந்தது. பின்னால் வெள்ளைப் புகை, முன்னால் கொதி, ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி நிறம். தெருக்கோடி மெக்கானிக் வந்து பார்த்தார். எதைக் கேட்டாலும் "நிதானமா பாத்துக்கலாம் சார்" என்பார், அதனால் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர். சொந்தப் பெயரை அவர் மனைவிகூட மறந்திருப்பார். அவர், "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார்" என்றார். எஞ்சினின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு அது. மேலே இருக்கும் பாகத்தைக் கழற்றி, தகட்டை மாற்றி, மறுபடி முடுக்கி, ரேடியேட்டரில் எஞ்சினைக் குளிரவைக்கும் பச்சை நிறக் கூலன்ட்டை ஊற்றினோம். கிளப்பினோம். சித்தி பாட ஆரம்பித்தாள். நானும் நிதானமும் கைகுலுக்கிக்கொண்டோம். குலுக்கிய கையை எடுப்பதற்குள் கீழே சொட்டு விழுந்தது.

மேல் ஹோஸின் கிளிப் என்றார், மாற்றினோம். அது நின்றது, தெர்மோஸ்டாட் மூடியில் ஆரம்பித்தது. அதை அடைத்தோம், வாட்டர் பம்பில் வந்தது. பம்பை மட்டும் கவனிக்கிறோம் என்று பொறாமை வந்துவிட்டதோ என்னவோ, பின்பக்கம் கை நுழையாத இடத்தில் ஒரு ஹோஸ் கசிந்தது. முதலாவதை நிறுத்தியதால் அழுத்தம் ஏறி அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகிறது என்று நிதானம் விளக்கினார். எனக்கு விளக்கமெல்லாம் ஏறவில்லை. நான் முப்பத்திரண்டு வருடம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவன், ஒன்றை அளந்து பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். பழைய பேப்பர் கடையிலிருந்து எட்டுக் காலி கண்ணாடி பாட்டில்கள் வாங்கி வந்தேன். ஒவ்வொரு சொட்டுக்கும் கீழே ஒரு பாட்டில், புனலோடு. நிரம்பியதை அளந்து, சீட்டு ஒட்டி, காம்பவுண்டுச் சுவரின் மேல் வரிசையாக வைத்தேன். 'காலை 90 மில்லி', 'மாலை 180 மில்லி' என்று என் முத்தான கையெழுத்தில். அந்த 180-க்கு வெளியே வேறொரு பெயர் உண்டு என்பது எனக்குத் தெரியாது, சம்பந்தி.

மாடி வீட்டுக்காரர் தங்கமான மனிதர். அவருடைய தம்பி உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார் என்பதை நான் மறக்கவில்லை. அவர் ஒரு நாள் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அருகில் வந்து தோளில் கை போட்டு, "எத்தன நாளா சார் இப்படி?" என்றார். "ஒண்ணரை மாசமா சார். எவ்வளவு ஊத்தினாலும் பத்தல" என்றேன். "நிறுத்த முடியலையா?" என்றார். "நிறுத்தினா வேற பக்கம் போயிடுது" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார், நான்கே வாரத்தில் அடியோடு நிறுத்திவிடுவார் என்றார். நான், "சாமான் எல்லாம் அவரே கொண்டு வருவாரா, இல்ல நம்ம ஸ்பானர் போதுமா?" என்று கேட்டேன். அவர் படியேறிப் போய்விட்டார். பாவம், இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு டஜன் எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினார்.

அடுத்தது சம்பந்தியம்மாவின் போன். நான் வண்டிக்கு அடியில் இருந்தேன். அன்று நிதானம் தன் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தார், நான் தனியாகத் தடுமாறிக்கொண்டிருந்தேன். மகள் போனை எடுத்து, "அப்பா சித்திக்குக் கீழ படுத்திருக்காரு அத்தை. காலையிலேர்ந்து தண்ணி தண்ணின்னு ஒரே பாடு. நிதானம் வேற இல்ல" என்றாள். உண்மையில் ஒரு எழுத்துப் பிசகில்லை. நானும் அடியிலிருந்து, "நிக்கவே மாட்டேங்குதுன்னு சொல்லும்மா" என்று குரல் கொடுத்தேன். சம்பந்தியம்மா என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதற்கும் அடுத்த வாரம் தாங்களே மண்டபம் பார்க்க வந்த வழியில் வீட்டுக்கு வந்தீர்கள். மூன்று மணி நேரம் குந்தியிருந்ததில் எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. வாசல் வரை வருவதற்குள் இரண்டு தரம் சுவரைப் பிடித்தேன். கொதித்த கூலன்ட்டின் ஆவி பட்டுக் கண் சிவந்திருந்தது. "என்ன சம்பந்தி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டீர்கள். "உடம்புக்கு என்ன, நேத்து ஒரே நாள்ல நாலு லிட்டர் உள்ள போச்சு" என்று நான் பெருமையாகச் சொன்னேன். தாங்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பியது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஹோஸ், பம்ப் எல்லாம் காய்ந்த பிறகும் ஓரத்தில் ஒரு ஈரம் போகவே இல்லை. எஞ்சினின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் கோட்டிலேயே கசிந்தது. கேஸ்கட் மாற்றிய அன்று நிதானம் போல்ட்டுகளைக் கைப்பழக்கத்தில் முடுக்கப் போனார். நான் தடுத்தேன். "கைக்கணக்கெல்லாம் என்கிட்ட வேணாம்" என்று அதட்டி, முடுக்கும் இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரை வரவழைத்து, புத்தகத்தைப் பார்த்து நானே எண் சொன்னேன். முடித்ததும் அவர், "கைக்கு லூசா தெரியுதே சார்" என்றார். "உன் கை என்ன முத்திரை வாங்கின கையா?" என்று கேட்டேன். புத்தகத்தில் இருந்தது ஒரு அளவுமுறை, ஸ்பானரில் இருந்தது வேறொரு அளவுமுறை. ஒன்றை மற்றொன்றாக மாற்றியதில் நான் தப்புப் போட்டிருக்கிறேன். ஊரில் எத்தனை கடைக்காரர்களை அரைக்கால் கிராமுக்கு நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை இதைக் கண்டுபிடித்து, அவரிடம் போய், "தப்பு என்னோடதுப்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. "நிதானமா பாத்துக்கலாம் சார்" என்று சொல்லி, நடுவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, சரியான அளவுக்கு முடுக்கினார். பெரிய மனிதர், சம்பந்தி.

வெள்ளிக்கிழமையிலிருந்து அடியில் வெள்ளைத்தாள் விரித்து வைத்திருக்கிறேன். ஒரு சொட்டுகூட இல்லை. பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் வாழ்நாளில் இருமல் மருந்தைத் தாண்டி எதையும் குடித்ததில்லை என்று மகள் மேல் ஆணையாகச் சொல்கிறேன். அவள் உங்கள் ஊருக்கு, ஆறு மணி நேரத் தூரத்துக்கு, சந்தோஷமாக வர வேண்டும். தாயில்லாமல் வளர்ந்தவள், அவள் கல்யாணம் என்னால் தள்ளிப்போனால் எனக்குத் தாங்காது. தயவுசெய்து பழைய தேதியையே வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளை நோய்நொடியில்லாமல், நீண்ட ஆயுளோடு, என் பெண்ணிடம் அடங்கி நடந்து நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மரியாதையைத் திரும்பப் பெறக் காத்திருக்கும்,
பெண்ணின் அப்பா

பி.கு.: உறையில் முகவரி எழுதச் சொல்லி மகளிடம் கொடுத்தேன், அவள் உள்ளே இருந்ததையும் படித்துவிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பா, அவங்க யாரும் உங்கள அப்படி நெனைக்கல. சித்தின்னா காருன்னு அத்தைக்கு முதல் நாளே தெரியும். கல்யாணத்தத் தள்ளி வைக்கச் சொன்னது நான்தான்" என்றாள். ஆக, நான் குடிகாரன் என்று உங்களுக்கு எழுதித் தெரிவித்த முதல் ஆள் நானே.

ஏன் என்று கேட்டேன். "வண்டி ஒழுகின வரைக்கும் நிதானம் அண்ணன் தினமும் வந்தாரு, நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டீங்க, சண்டை போட்டீங்க. இப்ப வண்டி சரியாயிடுச்சு. நானும் போயிட்டா காலையில எந்திரிச்சு என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள். அதை நான் யோசித்ததே இல்லை, யோசிக்கப் பயமாக இருந்தது.

நான் எழுந்து கார் ஷெட்டுக்குப் போய், கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வந்து பாரும்மா, மறுபடி சொட்டுது" என்று கூப்பிட்டேன். மேல் ஹோஸின் கிளிப்பில், நிமிடத்துக்கு மூன்று. "இது லேசுல தீராது போலிருக்கு, நிதானத்த நாளைக்கே வரச் சொல்லணும்" என்றேன். அவள் குனிந்து சொட்டைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. "ஆமாப்பா, பெரிய லீக்காத்தான் இருக்கு" என்றாள். ஆகவே மேலே ஒரு சொட்டுகூட இல்லை என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். பழைய தேதியே இருக்கட்டும் என்று அவள் உள்ளே மாப்பிள்ளையிடம் போனில் சொல்லிக்கொண்டிருப்பது இங்கே கேட்கிறது.