பதினெட்டு மார்க் வாங்கிய தைராய்டு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நான் நலம் என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். காரணம் கீழே வருகிறது. அத்தானுக்கு என் வணக்கம்.

ஒரு மாதமாக உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடந்தது, நல்ல வெயிலிலும் குளிர், உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம், சரியென்று ரத்தம் கொடுத்துப் பார்த்தால் தைராய்டு சோதனையில் டி.எஸ்.எச். என்ற இடத்தில் நான்குக்குள் இருக்க வேண்டியது எனக்குப் பதினெட்டு. முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக மார்க் போட்டவன் அல்லவா, எண் பெரிதாக இருந்தால் மனம் பூரித்துவிடுகிறது. என் தைராய்டு ஊரில் எவனுக்கும் இல்லாத உழைப்பு உழைக்கிறது, அந்தக் களைப்புதான் இது என்று மாடி வீட்டுக்காரர் முதல் தபால்காரர் வரை பெருமையடித்துவிட்டு டாக்டரம்மாவிடம் போனால், அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"சார், இது தைராய்டு வாங்கின மார்க் இல்ல. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. 'வேலையைப் பாரு'ன்னு அது தைராய்டுக்கு அனுப்பற ஹார்மோன்தான் இது. தைராய்டு தன்னோட ஹார்மோனை அனுப்பிட்டா, மேல இருக்கறது அடங்கிடும். உங்களுது தூங்குது. அதான் மேல இருக்கறது இந்தக் கத்து கத்துது."

எனக்கு உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது அக்கா. அம்மா விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிட, நீ மாடிப்படிக்குக் கீழே நின்று என்னையும் நம் கடைக்குட்டி சின்னவனையும் பள்ளிக்கு எழுப்புவாய். முதலில் மெதுவாக "டேய் தம்பி", அப்புறம் கொஞ்சம் உரக்க, அப்புறம் தெருவே எழுந்துவிடும். "எழுந்துட்டேன்க்கா" என்று குரல் வந்தால்தான் அடங்குவாய். நானோ அதைப் போர்வைக்குள்ளிருந்தே சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பேன். அதற்கும் முடியாத நாளில் சின்னவன் என் குரலில் சொல்வான். இப்போது எனக்குக் கொடுத்திருக்கும் மாத்திரையும் சின்னவன் மாதிரிதான், தைராய்டுக்காகப் பதில் சொல்கிறது. ஆனால் இது வேலையையும் சேர்த்துப் பார்க்குமாம்; சின்னவன் ஒரு நாளும் எனக்காகப் பள்ளிக்கூடம் போனதில்லை.

என் மனைவி காலமான பிறகு தினமும் போன் செய்தாய். ஒவ்வொரு முறையும் "நல்லா இருக்கேன்க்கா" என்றேன். நீயும் நம்பி, வாரத்துக்கு ஒன்றாக்கி, மாதத்துக்கு ஒன்றாக்கி, இப்போது நிறுத்தியே விட்டாய். உன்மேல் தப்பில்லை, அன்றைக்கும் இப்படித்தான் உன்னை ஏமாற்றினேன். இந்த வீட்டில் சத்தமே இல்லை அக்கா. ஒரு தடவை வந்து கத்திவிட்டுப் போ.

அத்தானின் முழங்கால் வலி குறையட்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
இன்னும் எழுந்திருக்காத தம்பி

பி.கு.: மேலே உள்ளதைப் படித்துப் பதற வேண்டாம். மாத்திரையில் உடம்பு தேறிவிட்டது, நன்றாக இருக்கிறேன், நீ சிரமப்பட்டு வர வேண்டாம். இந்தப் பின்குறிப்பை மட்டும் போர்வைக்குள்ளிருந்து எழுதினேன்.