சாது நட்சத்திரமீன்

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் க்ளைவ் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி. கிரிக்கெட்டில் ஒரு கண், மீனில் ஒரு கண் என்று கிடப்பதற்காகவே அவன் பிறந்திருந்தான். தொட்டிக்குள் ஒரு பச்சை நட்சத்திரமீன். பரம சாது என்பான் க்ளைவ். ஆனால் மாதத்துக்கு ஒரு நீலமீன் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்த மூலையில் தையல் மெஷினைப் போட அவன் மனைவி நோலீனுக்கு மூன்று வருஷமாகக் கண்.

"உன் ஆளு கையை ஊணி, குடை மாதிரி எழும்பி நிக்கறான். குட்டி மீன் ஒதுங்க இடம்னு நம்பி அடியில போவுது. குடை மடங்கிடுது."

"அது யோகா, நோலீன். அதுக்கு அழுக்கும் பாசியும்தான் சாப்பாடு. சதையைத் தொடாது."

"பந்தயம் கட்டுவோமா? கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கு. அதுக்குள்ள அவன் சதை தின்னது தெரிஞ்சா, தொட்டி வாஷிங்மெஷின் பக்கத்துக்குப் போகுது. தெரியலைன்னா நான் வாயே திறக்கலை."

க்ளைவ் வீராப்பாகக் கைகொடுத்தான். பிறகுதான் தொட்டிக்குள் எண்ணிப் பார்த்தான். மிச்சமிருந்ததோ ஐந்தே மீன்கள்.

வயிறு நிறைந்தவன் எதற்கு வேட்டைக்குப் போகிறான்? ஃப்ரீசரில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு இரண்டு கிலோ இறால் இருந்தது. நோலீன் தினமும் சாயங்காலம் பந்து உருட்டும் கிளப்புக்குப் போனதும், பார்பிக்யூ இடுக்கியால் ஒவ்வொன்றாக ஊட்டினான். சாது ஏப்பம் விடாத குறை. ஏழாம் நாள், கிறிஸ்துமஸ் காலை, ஐந்து மீனும் உயிரோடு நீந்தின. க்ளைவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? எண்ணிக்கோ."

நோலீன் எண்ணினாள். ஒப்புக்கொண்டாள். பிறகு ஃப்ரீசரைத் திறந்தாள்.

"க்ளைவ், இறால் எங்க?"

"நான்தான் தின்னுட்டேன்."

"ரெண்டு கிலோவையுமா?"

"பசிச்சுது."

அவள் அவன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "உனக்கு ஒரு இறால் உள்ள போனாலே மூஞ்சி பூசணிக்காயா வீங்கிடுமே. நம்ம கல்யாண ஃபோட்டோ அத்தனையிலும் அப்படித்தானே நிக்கறே?"

க்ளைவ் தொட்டியை வாஷிங்மெஷின் பக்கம் நகர்த்த அதன் வயரைப் பிடுங்கப் போனான். சட்டென்று நினைவு வந்து திரும்பினான்.

"மத்தியானம் உங்க வீட்டாளுங்க பன்னெண்டு பேர் வர்றாங்களே, இறாலுக்கு என்ன பண்றது?"

"விருந்து இறால் எங்கம்மா வீட்ல பத்திரமா இருக்கு. இது உன் ஆளுக்குன்னே நான் வாங்கி வெச்சது."