நூற்று நாற்பத்தெட்டுக் கேள்விகள்

உலகத்துக் குடும்பச் சிக்கல்கள் அத்தனையையும் தீர்க்கும் விஞ்ஞான முறை 1996ஆம் ஆண்டு, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையின் மாடியில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் ராமுலு; மில்லில் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்று, தபால் வழியில் ஆலோசகர் பட்டயம் வாங்கியவர். வெற்றி நூற்றுக்கு நூறு. நம்பாத ஒரே ஆத்மா, அந்த மாடியில் அவர் திறந்த ஆலோசனை மையத்தின் 'வரவேற்பு அதிகாரி'யும் அவர் மனைவியுமான ராமாமணி.

"மனுசனுக்குப் பிரச்சினைன்னு ஒண்ணு கிடையாது, ராமாமணி. தகவல் பத்தாக்குறைதான். திரட்டணும், பகுக்கணும், பரிசீலிக்கணும். தீர்வு தானா வந்து நிக்கும்."

"நாலு மாசமா ஆளே வந்து நிக்கலீங்களே."

ஐந்தாம் மாதம் வந்து நின்றார்கள். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் பாலுசாமியும் மனைவி பாவாத்தாளும். மகள் லோகப்பிரியாவை இன்ஜினியரிங் சேர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. தன் அண்ணன் மகனுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது இவள் கட்சி. பதினாறு நாளாகப் பேச்சில்லை. விண்ணப்பத்துக்கு அன்று மாலை ஐந்து மணியோடு கெடு.

நேரில் பேசினால் 'தகவல் மாசுபடும்' என்பது ராமுலுவின் கொள்கை. கதவிடுக்கு வழியே ஒரே ஒரு படிவத்தை நீட்டினார். நூற்று நாற்பத்தெட்டுக் கேள்விகள். எல்லாம் நிரம்பினால்தான் உள்ளே அழைப்பு. கதவைச் சாத்திக்கொண்டு கரும்பலகையில் அம்புக்குறிகள் போட ஆரம்பித்தார்.

பாலுசாமி கண்ணாடியை மறந்து வந்திருந்தார். படித்து எழுதும் வேலை பாவாத்தாள் தலையில் விழுந்தது. பதினாறு நாள் மௌனம் ராமாமணியின் கண்ணெதிரே, 'அலுவல் நிமித்தமாக' உடைந்தது.

"முப்பத்தேழு. கணவருக்குக் கோபம் வருவது எப்போது?"

"கரண்ட் போறப்பன்னு எழுது, அம்மணி."

"பொய் எழுத மாட்டனுங்க. எங்கண்ணன் வாரப்பன்னு எழுதறேன்."

"உங்கண்ணன் வாரப்பத்தான் கரண்டும் போகுது. ரெண்டையும் எழுதிப்போடு."

பாவாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு தோளில் தெரிந்தது. தொண்ணூற்றிரண்டாம் கேள்வியில் பேனா நின்றது.

"சம்பந்தப்பட்டவரின் விருப்பம் என்ன? ஏனுங்க, புள்ளைய நீங்க கேட்டீங்களா?"

"நீ கேட்டிருப்பீன்னு இருந்துட்டேன்."

இருவரும் எழுந்து கீழே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார்கள். பேனாவை ராமாமணியிடம் திருப்பித் தர பாவாத்தாள் மட்டும் மேலே வந்தாள்.

"படிக்கோணுங்கறாளுங்க. ஃபாரத்தை எப்பவோ எழுதி வெச்சு, அப்பன் கையெழுத்துக்குக் காத்துட்டு இருந்தாளாமா. அடுத்த பஸ்ல எடுத்துட்டு வாரா. காலேஜ் வாசல்ல நாங்க நிக்கோணுமுங்க."

"உங்க அண்ணனுக்கு என்னங்க சொல்லுவீங்க?"

"அவரை நான் பார்த்துக்கறனுங்க. கரண்ட் போறப்பச் சொல்லிப்போடறேன்."

ஒரு மணிக்கு ராமுலு கதவைத் திறந்தார். பெஞ்சு காலி. நடந்ததைக் கேட்டதும் முகம் பிரகாசித்தது. பதிவேட்டை எடுத்து, 'தீர்வு: முழு வெற்றி' என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்காக மனைவியிடம் தள்ளினார்.

"இப்பவாவது ஒத்துக்கறியா? தீர்ந்துச்சா, இல்லையா?"

"தீர்ந்துதானுங்க போச்சு. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்," என்ற ராமாமணி, காலியாக இருந்த 'வெற்றிக்கான காரணம்' என்ற கட்டத்தில் முத்து முத்தாக எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்:

'ஆலோசகர் கடைசி வரை கதவைத் திறக்கவில்லை.'