மாப்பிள்ளையின் நெற்றியில் கறுத்த மூன்று கோடுகள்

தானே படித்துத் தேறியவனுக்கு ஒரு நோய் உண்டு. படித்ததை நான்கு பேர் முன்னிலையில் நிகழ்த்திக் காட்டாவிட்டால் அவனுக்கு உணவு செரிக்காது. அந்நோய் ஒருமுறை என் மகளின் திருமணத்தையே காவு கேட்டது.

வாளையாரை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டில் அன்று நிச்சயதார்த்தம். மகள் வேதியியல் முதுகலை. அவளுடைய புத்தகங்களை அவளைவிட அதிகம் படித்தவன் நான் (மார்க் மட்டும் அவளுக்கு). மாப்பிள்ளையின் அத்தை எங்கள் போர்வெல் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சம் கரிக்குதுங்களே" என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

மகளின் வேதிப்பொருள் பெட்டியிலிருந்த சில்வர் நைட்ரேட் கரைசலை அந்தத் தண்ணீரில் சில சொட்டு விட்டேன். நீர் பாலாய் வெளுத்தது. "குளோரைடுங்க. உப்புக்கு இதுதான் சாட்சி" என்று அறிவித்தேன். விரல்களில் வழிந்ததை நான் பொருட்படுத்தவில்லை (கையுறை போட்டால் மாட்டு டாக்டராட்ட இருக்கும்). மறைந்த என் மனைவியின் படத்துக்கு முன் மாப்பிள்ளை குனிந்து நிற்க, அதே ஈர விரல்கள் மூன்றினால் அவர் நெற்றியில் திருநீறு பூசினேன்.

பின்பு உச்சி வெயிலில் தென்னந்தோப்பைச் சுற்றிக் காட்டினேன். திரும்பியதும் அவர் வேர்வையைத் துடைத்தார். திருநீறு போயிற்று, கோடுகள் போகவில்லை. சாம்பல் நிறமாய்க் கிடந்தவை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கறுத்தன. சோப்புப் போட்டுக் கழுவினார். முன்னிலும் தெளிவாகத் தெரிந்தன.

அத்தை மெல்லப் படத்தின் பக்கம் திரும்பினார். "போய்ச்சேர்ந்த அம்மிணிக்குச் சம்மதமில்லையாட்ட இருக்குதுங்க. தட்டு மாத்த வேண்டாமுங்க."

படத்திலிருந்து மனைவி என்னையே உறுத்துப் பார்ப்பதாகத் தோன்றியது (உயிரோடிருந்தபோதும் அப்படித்தான்). அயனிகளை அடியோடு மறந்து, மனத்துக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியிருந்தேன்.

"அப்பா, கையக் காட்டுங்க" என்றாள் மகள்.

என் விரல்கள் மூன்றும் கரிக்கட்டைகளாயிருந்தன.

"அட சாமி, உங்களையும் தொட்டிருக்குதுங்க" என்றார் அத்தை.

மகள் அதே கரைசலில் ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுக்கொண்டு, வாசல் வெயிலில் நாற்காலி போட்டு அமர்ந்தாள். அனைவரும் சுற்றி நின்றோம். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு, தோலுக்கு அடியிலிருந்து எதுவோ ஏறி வருவதுபோல், அந்த இடம் மங்கி, பழுப்பாகி, கறுத்தது.

"இந்தக் கரைசல் தோல்ல பட்டு வெயில் கண்டா கறுக்குமுங்க. பத்து நாள்ல தோலோட போயிருமுங்க. இது எங்கம்மா வேலையில்லீங்க அத்தை, எங்கப்பா வேலை."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு அந்த அம்மிணியே தேவலைங்க" என்றார். பிறகுதான் தட்டு மாற்றினோம்.

இன்று பேத்திக்கு இரண்டு வயது. நான் திருநீற்றுத் தட்டை எடுத்தால் மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு எட்டவே நிற்கிறார். "மாமா, மொதல்ல வெயில்ல அரை மணி நேரம் நின்னுட்டு வாங்க" என்கிறார்.

நிற்கிறேன்.